செத்த சிங்கத்துக்கு ஜே!

ஆஸ்திரேலியாவில் இன்று ஃபோர்டு கார் செய்வதில்லை. ஹோல்டன் என்ற கம்பெனியே இல்லை. இருந்தும் அக்டோபர் வந்தால் நியூ சவுத் வேல்ஸின் பாத்தர்ஸ்ட் மலையில் ஃபோர்டு ஒசத்தியா, ஹோல்டன் ஒசத்தியா என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ஆயிரம் கிலோமீட்டர், 161 சுற்று, ஆறு மணி நேரத்துக்கு மேல், காருக்கு இரண்டு ஓட்டுநர். பந்தயம் நடக்கும் பாதை மற்ற நாட்களில் சாதாரணப் பொதுச்சாலை. மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால் போலீஸ் நிறுத்தும். அதே நேர்ச்சாலையில் அந்த ஒரு ஞாயிறு மட்டும் 290-ஐத் தொடுவார்கள்.

மலை உச்சியில் கூடாரம் போடுகிறவர்கள் நாளுக்கு ஆளுக்கு 24 கேன் பீருக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்று போலீஸ் கட்டுப்பாடு வைத்ததுண்டு. 24 என்பது கட்டுப்பாடு! அதையும் முடித்துவிட்டு, சிவப்புச் சட்டைக்காரர் நீலச் சட்டைக்காரரை முறைப்பார். சிவப்பு ஹோல்டன், நீலம் ஃபோர்டு. ஹோல்டனின் சின்னம் சிங்கம். அந்தச் சிங்கத்தைத் தோளில் பச்சை குத்திக்கொண்டவர்கள் உண்டு. அடிலெய்டில் சேணக் கடையாகத் தொடங்கிய ஹோல்டன் 1931-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போய்விட்டது. ஆக, சண்டை டெட்ராய்ட் வட்டாரத்து முதலாளிகள் இருவருக்கு இடையில். மண்டை உடைவது பாத்தர்ஸ்டில். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊரை ரெண்டுபடுத்தியதே கூத்தாடிதான். வசூல் முடிந்ததும் அவன் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான். ஊர் இன்னும் ஒன்றுசேரவில்லை.

தொடக்கம் இப்படி அசிங்கமாக இல்லை. 1960-இல் ஃபிலிப் தீவில் 500 மைல் பந்தயமாகத் தொடங்கி 1963-இல் பாத்தர்ஸ்டுக்கு வந்தபோது, ஓடியவை ஷோரூமில் எவரும் வாங்கக்கூடிய கார்கள். உன் குடும்பம் போகும் கார் மலையேறி இறங்கித் தாங்குமா, பிரேக் பிடிக்குமா என்று பார்க்கும் சோதனை அது. 1966-இல் ஜெயித்தது மினி கூப்பர்! ஞாயிறு ஜெயித்த காரைத் திங்கட்கிழமை விற்றார்கள். வியாபாரம்தான், ஆனால் காரை உள்ளூர்க்காரன் பூட்டினான், உள்ளூர்க்காரன் வாங்கினான்.

இப்போது பஞ்சாங்கத்தைக் கொஞ்சம் புரட்டுவோம். 2016 அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை: பிராட்மெடோஸிலும் ஜீலாங்கிலும் ஃபோர்டு தன் ஆலைகளை மூடி, ஏறத்தாழ 600 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதே வெள்ளியன்று பாத்தர்ஸ்டில் பயிற்சி ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. ஞாயிறன்று பந்தயம்! ஃபோர்டு கொடிகளுக்கும் குறைவில்லை. மறு ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி ஹோல்டன் கமடோர் ஜெயித்தது. ஷாம்பெயின் தெளித்துப் பன்னிரண்டே நாள். 20-ஆம் தேதி எலிசபெத் என்ற ஊரில் இருந்த ஆலையில் கடைசி ஹோல்டன் உருண்டு வெளியே வந்தது. அதன் பின்னால் ஏறத்தாழ 950 தொழிலாளிகளும் வெளியே வந்தார்கள். அவர்கள் மேல் யாரும் ஷாம்பெயின் தெளிக்கவில்லை.

அத்தோடு சிங்கத்தை மரியாதையாகப் புதைத்திருக்கலாம். மாட்டார்களே! 2018-இல் 'கமடோர்' என்ற பெயரில் வந்தது ஜெர்மனியில் ஓப்பல் செய்த கார். அந்த ஓப்பலையே ஜெனரல் மோட்டார்ஸ் முந்தின ஆண்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு விற்றுத் தீர்த்திருந்தது. கடையில் விற்ற காரில் வி8 எஞ்சின் கிடையாது. மலையில் ஓடியதில் உறுமியது வி8. இந்த வேஷத்துக்கும் ரசிகன் கண்ணீர் மல்கக் கைதட்டினான். 2020 பிப்ரவரியில் ஹோல்டன் என்ற பெயரையே குழியில் இறக்கினார்கள். 2021-இல் ஜெயித்தது ஹோல்டன். 2022-இலும் ஹோல்டன். உயிரோடு இருக்கிற கம்பெனிகள் இதைக் கண்டு வெட்கப்பட வேண்டும்.

2023-இல் கமடோரின் இடத்துக்கு ஷெவர்லே கமாரோ வந்தது. எதிரே ஃபோர்டு மஸ்டாங். இரண்டும் அமெரிக்கப் பெயர்கள், இரண்டுக்கும் ஒரே அச்சு எலும்புக்கூடு, ஒரே கியர்பாக்ஸ், ஒரே டயர். எஞ்சினும் மேல்தோலும்தான் வேறு. அந்தத் தோல் காற்றைக் கிழிப்பதில் ஒன்றுக்கொன்று இம்மியும் மிஞ்சிவிடக் கூடாது என்று அமெரிக்காவரை கொண்டுபோய்க் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தார்கள். இரண்டு தகரங்களுக்கு இடையில் நீதி கிடைக்க எத்தனை பொறியாளர்கள், எத்தனை பணம்! கமாரோவோ 2024 மாடலோடு நின்றுபோனது. அந்த அக்டோபரில் பாத்தர்ஸ்டை ஜெயித்தது எது? கமாரோதான். திங்கட்கிழமை விற்பதற்குத்தான் கார் இல்லை.

இதற்கு நடுவே மகாராஜாக்கள் என்ன செய்தார்கள்? அரசு பன்னிரண்டு ஆண்டுகளில் 200 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஹோல்டனுக்கு உதவியாகக் கொட்டியிருந்தது. வாங்கியவனிடம், ஆலையை மூடினால் திருப்பித் தருவாயா என்று கேட்க நாதியில்லை. 2013 டிசம்பரில் நிதியமைச்சர் ஜோ ஹாக்கி நாடாளுமன்றத்தில் எழுந்து, உங்கள் எண்ணத்தை மக்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்று கம்பெனிக்குச் சவால் விட்டார். மறுநாளே கம்பெனி சொல்லிவிட்டது: போகிறோம். இவ்வளவு வேகமாகப் பதில் கிடைத்த கேள்வி எந்த நாடாளுமன்றத்திலும் அபூர்வம். சவால் விட்டவருக்கு அமெரிக்காவில் தூதர் பதவி கிடைத்தது. எலிசபெத் ஆலையில் காருக்குக் கதவு பொருத்தியவனுக்கு என்ன கிடைத்தது என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பந்தயம் நடக்கும் அந்த மலைச்சாலையைப் போட்டது யார் தெரியுமா? வேலையில்லாதவர்கள். 1930-களின் பெருமந்தத்தில், வேலையற்றோர் நிவாரணப் பணத்தில், சுற்றுலாப் பயணிகள் இயற்கை அழகை ரசிக்கும் பாதை என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்டி, மேயர் மார்ட்டின் கிரிஃபின் போடவைத்தார். 1938-இல் திறந்தார்கள். அடுத்த மாதமே அழகு ரசிக்கப் பந்தயக் கார்கள் வந்துவிட்டன. பத்து ஆண்டு கழித்து, 1948-இல் முதல் ஹோல்டனை உலகுக்குக் காட்டிய பிரதமர் பென் சிஃப்லி இதே பாத்தர்ஸ்ட்காரர், ரயில் எஞ்சின் ஓட்டியவர், வேலைநிறுத்தம் செய்து வேலை இழந்த அனுபவமும் உள்ளவர். வேலை பறிபோகும் கதை ஆஸ்திரேலியாவோடு நிற்கவில்லை. நம் மறைமலை நகரிலும் 2021-இல் மூடுவோம் என்று அறிவித்து அடுத்த ஆண்டு பூட்டுப் போட்டது அதே ஃபோர்டுதான். அங்கே தொழிலாளிகள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். எந்த நிறத்துச் சட்டையும் போட்டுக்கொண்டு அவர்களுக்காக எவனும் மலையேறவில்லை.

ரசிகர்கள் கவலைப்பட வேண்டாம். 2026 முதல் டொயோட்டாவும் சுப்ரா காரோடு களத்தில் இறங்குகிறது. மெல்போர்ன் ஆல்டோனாவில் கார் உற்பத்தியை 2017 அக்டோபர் 3-ஆம் தேதி, அந்த ஆண்டுப் பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்னால், நிறுத்திவிட்டுப் போன அதே டொயோட்டா. சட்டைக் கடைக்காரர்கள் மூன்றாவது நிறத்துக்கு ஆர்டர் கொடுத்துவிடலாம்.