கீழே கடை, மேலே குடித்தனம்

ஸ்காட்லாந்தில் பழைய வீட்டைப் பார்க்கக்கூட டிக்கெட்டாமே! எங்கள் கடைவீதி வீடுகளை யாரும் சீண்டுவதில்லையே, ஏன்?
— வாசகர், திண்டுக்கல்

எடின்பரோவின் ‘கிளாட்ஸ்டோன்ஸ் லேண்ட்’ வீட்டைத்தானே சொல்கிறீர்கள்? 1617-ல் அதை வாங்கிய வியாபாரி தாமஸ் கிளாட்ஸ்டோன், முகப்பைத் தெருப்பக்கம் இழுத்துக் கட்டினார். கீழே கடை, மேலே தன் குடும்பம், மிச்ச மாடிகள் வாடகைக்கு. நம் கடைவீதியில் முகப்பை இப்படி இழுத்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு; நானூறு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டால் பாரம்பரியச் சின்னம்!

ஏறக்குறைய அதே காலத்தில், 1605-ல், மதுரை மன்னர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கிய உங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குத் தொல்லியல் துறையின் காவல் உண்டு. தாத்தா கட்டிய வீட்டுக்குப் பேரன்தான் காவல். பூட்டுக்குப் பேர்போன ஊர்தான் உங்களுடையது. ஆனாலும் பூட்டியே கிடக்கிற வீட்டைக் கறையான் கேட்காமல் திறந்துவிடும்.