கடல்வாழ் புலி

காந்தியின் பெயரைத் தாங்கும் இந்தியக் கடைவீதியைக் கொண்ட ஹூஸ்டன் நகரில், உணவகமும் ராட்டினமும் மீன்தொட்டிகளும் கலந்து 2003இல் திறக்கப்பட்ட டவுன்டவுன் அக்வேரியம், நீந்தும் உயிர்களோடு வெள்ளைப் புலிகளையும் ‘மகாராஜா கோயில்’ என்ற கூடத்தில் அடைத்து, வருவோருக்கு வனவிலங்குக் கல்வி புகட்ட முனைந்தது. வெள்ளைப் புலி தனி இனமன்று. ஒடுங்கு மரபணு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படாத மரபுக்கூறு, தரும் நிறமே அது. 1951இல் ரேவா மகாராஜா பிடித்த மோகன் என்ற புலியை அதன் மகளோடே இணைசேர்த்துப் பெருக்கிய வழியில் வந்தவையே கூண்டுகளில் உள்ள வெள்ளைப் புலிகளுள் பெரும்பாலானவை என்பதால், கூடத்தின் பெயரில் மட்டும் வரலாற்று நேர்மை தற்செயலாக அமைந்துவிட்டது. நிறத்தோடு மாறுகண்ணும் சேர்ந்து வருவதுண்டு என்ற செய்தியைவிட, சுறாக்களினூடே செல்லும் சிறு ரயிலுக்கும் வறுத்த மீனுக்கும் இடைப்பட்ட நேரத்தில் காடு காக்கும் கடமை நிறைவேறிவிடும் என்ற செய்தியே குழந்தைகளுக்கு எளிதில் செரித்திருக்கும்.