கடைசி வெள்ளைக் கோட்டுக்காரர்

போதனா ஆஸ்பத்திரிகளில் காலை வேளையில் பெரிய டாக்டர் வார்டைச் சுற்றிவரப் புறப்படும்போது அவருக்குப் பின்னே செல்லும் பரிவாரத்தை, படுக்கையில் கிடக்கும் நோயாளிகள் தங்கள் உபாதையையும் மறந்து வேடிக்கை பார்ப்பதுண்டு. உதவிப் பேராசிரியர்கள், அவர்களுக்குப் பின்னால் பி.ஜி. மாணவர்கள், அவர்களுக்கும் பின்னால் இராத் தூக்கத்தின் பாக்கி கண்ணில் தேங்கிய ஹவுஸ் சர்ஜன்கள், கேஸ் ஷீட்டுகளைச் சுமந்த ஸ்டாஃப் நர்ஸ், நர்சிங் மாணவிகள் என்று அவரவர் ஸ்தானத்துக்கேற்ப அணிவகுத்த அந்த ஊர்வலத்தின் வாலில், குளுக்கோஸ் ஸ்டாண்டில் இடித்துக்கொள்ளாமல் நிற்க ஓர் இடம் தேடியபடி, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டும் கையில் நீண்ட நோட்டுப் புத்தகமுமாக ஓர் இளைஞர் நிற்பார். பெரிய டாக்டர் அந்த நோயைப் பற்றிச் சொல்லும் அரிய விஷயங்களில் இவருடைய காதுவரை வந்து சேருவது, பெரும்பாலும், "சரி, அடுத்த பெட்" என்பது மட்டுமே. அவர்தாம் நம் பார்ம்.டி. மாணவர்.

1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் பிறந்த இந்தியப் பார்மசி கவுன்சில், 2008-இல் விதிகள் வகுத்து 'டாக்டர் ஆஃப் பார்மசி' என்னும் இந்தப் படிப்பை நம் தேசத்தில் ஸ்தாபித்தது. ஐந்து வருஷம் படிப்பு, ஆறாவது வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. அந்தப் பயிற்சியிலும் ஆறு மாதம் பொது மருத்துவத் துறையில், மிச்சம் ஆறு மாதத்தை மூன்று வெவ்வேறு துறைகளில் இரண்டிரண்டு மாதமாகக் கழிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. கல்லூரிக்கு முந்நூறு படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி ஒன்றின் உறவு இருக்கவேண்டும் என்றும் விதித்தார்கள். படுக்கை முந்நூறு என்று கணக்காகச் சொன்னவர்கள், அந்த முந்நூறு படுக்கைகளுக்கு நடுவே இந்த மாணவர் உட்கார ஒரு நாற்காலியைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. டாக்டர்களுக்கு டியூட்டி ரூம் உண்டு. நர்ஸுகளுக்கு ஸ்டேஷன் உண்டு. நம்மவருக்கு உரியது நடைபாதை ஜன்னல் கட்டை.

வீட்டில் இந்த ஆறு வருஷக் கணக்கைப் பாட்டிக்கு விளங்கவைப்பது மகா கடினமான காரியம். "தெருக்கோடி மெடிக்கல் ஷாப்பிலே அந்தப் பிள்ளை ரெண்டு வருஷம் படிச்சுட்டு, மூணு மாசம் கடையிலே நின்னு பழகினானாம், இப்ப ஜோராக் கடை நடத்தறான். உனக்கு மட்டும் ஏண்டா ஆறு வருஷம்? ஃபெயிலாகி ஃபெயிலாகிப் படிக்கிறியா?" என்று அவள் கேட்பாள். அந்தப் பிள்ளை படித்தது டி.பார்ம். என்ற டிப்ளமா, அதற்கு ஐந்நூறு மணி நேரக் கடைப் பயிற்சி போதும், தான் படிப்பதோ நோயாளியின் பக்கத்தில் நின்று, அவர் உடம்பில் மருந்து என்ன செய்கிறது என்று பார்க்கும் படிப்பு என்று நம் இளைஞர் விஸ்தாரமாக விளக்குவார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்த பாட்டி, "அப்போ கம்பவுண்டர்னு சொல்லு" என்று அந்தப் பிரஸ்தாபத்தை முடித்துவிடுவாள்.

ஊர்வலம் அடுத்த வார்டுக்குப் போன பிறகுதான் இவருடைய உத்தியோகம் ஆரம்பமாகிறது. கேஸ் ஷீட்டை வாங்குவதற்கே ஒரு சாமர்த்தியம் வேண்டும். ஏனெனில் அது எப்போதும் வேறொருவர் கையிலேயே இருக்கும். கிடைத்ததும், ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, வேளை, எந்த நாளில் ஆரம்பித்தது, எந்த நாளில் நிறுத்தியது என்று யாவற்றையும் தம் நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டு, கைப்பேசியில் அவற்றுள் எந்த மருந்துக்கு எந்த மருந்து ஆகாது என்று தேடத் தொடங்குவார். படுக்கையருகே துணைக்கு உட்கார்ந்திருக்கும் அம்மாள், தலை குனிந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் இந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து, இந்தக் காலத்து டாக்டர்கள் நோயாளியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் விசனப்படுவாள்.

முதல் மாதத்தில் அவர் கண்டுபிடிக்கும் மகத்தான உண்மை, வார்டில் எந்த நோய் இருந்தாலும், இல்லாவிட்டாலும், பான்டோபிரசோல் நாற்பது மில்லிகிராம் மட்டும் தவறாமல் இருக்கிறது என்பதாகும். காய்ச்சல்காரருக்கு, கால் ஒடிந்தவருக்கு, நேற்று வந்து இன்று வீடு திரும்புகிறவருக்கு, எல்லோருக்கும் அந்த வயிற்று மாத்திரை பிள்ளையார் சுழியாக முதல் வரியில் வீற்றிருக்கும். எதற்கு என்று ஒரு நாள் பி.ஜி. டாக்டரிடம் இவர் விநயமாகக் கேட்டார். பி.ஜி. சற்று யோசித்து, "எழுதாம எப்படி விடறது?" என்றார். இந்த வாதத்துக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லாதபடியால் நம்மவர் மௌனமானார்.

ஆனால் அவர் மௌனமாக இருந்தே காலம் தள்ளியவர் அல்லர். மெலிந்த கிழவர் ஒருவருக்கு எழுதியிருந்த ஆன்டிபயாடிக்கின் அளவைப் பார்த்து, அவர் வயது, எடை, இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் சூத்திரத்தில் போட்டுச் சிறுநீரகத்தின் சக்தியைக் கணக்கிட ஒருமுறை முற்பட்டார். வயது கேஸ் ஷீட்டில் ஒன்றாகவும் ஆதாரில் வேறொன்றாகவும் இருந்தது. எடையை யாரும் எடுக்கவில்லை. அட்டெண்டரின் கையைக் காலைப் பிடித்து, கிழவரை மெஷினில் ஏற்றி நிறுத்தி எடுத்தார்கள். கணக்கைப் போட்டால், தினம் இரண்டு வேளை கொடுக்கும் மருந்து ஒரு வேளையே போதும் என்று வந்தது. பி.ஜி.யிடம் சொன்னார், "பாக்கறேன்" என்று பதில் வந்தது. மறுநாள் ஷீட்டில் அளவு மாறியிருந்தது. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் அதைக் கவனித்து, "வெரி குட், ரீனல் டோஸ் போட்டிருக்கே" என்று பி.ஜி.யின் தோளில் தட்டியும் கொடுத்தார். ஊர்வலத்தின் வாலில் நின்ற நம்மவர், தம் நோட்டில் "யோசனை ஏற்கப்பட்டது" என்று சிவப்பு மையால் எழுதி, அடியில் தாமே கோடும் போட்டுக்கொண்டார்.

அவருக்கு யாரும் போட்டியில்லாத ஓர் இடமும் உண்டு; அது டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு மருந்து விளக்கும் நேரம். ஆஸ்துமாவுக்காக மூன்றாம் முறை வந்து சேர்ந்திருந்த ஒரு பாட்டியிடம், மற்றவர்கள் எல்லோரும் 'மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்களா' என்று கேட்டு, 'எடுக்கிறேன்' என்ற பதிலில் திருப்தியடைந்து போய்விட, இவர் ஒருவர் மட்டும், "எப்படி எடுக்கறீங்க பாட்டி, செஞ்சு காமிங்க" என்றார். பாட்டி, கருவியில் பொருத்தி மூச்சோடு உறிஞ்ச வேண்டிய கேப்சூலை வாயில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிக் காட்டினாள். கருவி எங்கே என்று கேட்டதற்கு, "பேரன் விளையாட எடுத்துக்கிட்டான்" என்றாள். இந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு ஒரு நாற்காலி கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

வார்டில் இப்படி அடங்கியொடுங்கி நிற்கும் இந்தப் பிரகிருதி, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் எடுக்கும் அவதாரமே வேறு. அங்கே பி.ஜி. இல்லை, பெரிய டாக்டரும் இல்லை, குடும்பத்தார் அனைவரும் இவருடைய கேஸ்கள். வந்த மறுநாள் விடியற்காலையில், தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்கப்போன சித்தியின் கையைப் பிடித்து நிறுத்தி, வெறும் வயிற்றில் தண்ணீரோடுதான் அதைச் சாப்பிடவேண்டும் என்றும், குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் காபியைத் தள்ளிப்போட வேண்டும் என்றும் சொன்னார். சொன்னது முழுக்க முழுக்கச் சரிதான். ஆனால் முதல் டிகாக்ஷனை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இருக்கச் சொல்வதைக் காட்டிலும் கொடிய தண்டனை நம் வீடுகளில் இல்லை. சித்தி அன்றிலிருந்து மாத்திரையை அவர் கண்ணில் படாமல் சாப்பிடுகிறாள்.

கல்யாண வீடுகளிலும் இதே கதை. இருதய வால்வு மாற்றிக்கொண்டு வார்ஃபரின் சாப்பிடும் பெரியப்பாவின் இலையில் கீரைக் கூட்டு விழும்போது, பந்தியில் எதிர்வரிசையிலிருந்து இவருடைய பார்வையும் விழும். கீரையை அடியோடு விலக்க வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதை அவர் விளக்கி முடிப்பதற்குள் இலையில் பாயசம் வந்துவிடும். பத்திரிகையில் இவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போடலாமா கூடாதா என்பது தனி சர்ச்சை. போட்டால், எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்கிறார் என்று கேட்கிறார்கள். போடாவிட்டால், ஆறு வருஷத்துப் பணத்துக்கு என்ன ஆயிற்று என்று அப்பா கேட்கிறார்.

இவருடைய கீர்த்தி குடும்பத்தில் நிலைபெற்றிருக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று சென்ற வருஷம் வந்தது. மாமாவுக்கு மாதக்கணக்கில் வறட்டு இருமல். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி பரிசோதித்தார்கள், சிரப் மாற்றி சிரப் குடித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. நம்மவர் மாமாவின் மருந்து டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்து, இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் எனலாப்ரிலைத் தனியே எடுத்துவைத்து, இருமல் தொடங்கியது இதைத் தொடங்கிய பிறகுதானே என்று கேட்டு, டாக்டரிடம் கையோடு அழைத்துப் போனார். டாக்டர் இருமலைத் தம் காதாலும் கேட்டுவிட்டு, மாத்திரையை லோசார்டனாக மாற்றினார். மூன்று வாரத்தில் இருமல் நின்றது. துரதிர்ஷ்டவசமாக, அதே வாரத்தில்தான் அத்தை மிளகு, சித்தரத்தை போட்ட கஷாயம் ஒன்றை ஆரம்பித்திருந்தாள். குடும்பம் ஏகமனதாகக் கஷாயத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

நம்மவர் அயர்ந்துவிடவில்லை. மருந்தால் வரும் கெடுதல்களைக் காஸியாபாத்திலுள்ள தேசியக் கண்காணிப்பு மையத்துக்குத் தெரிவிக்கும் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு, நரஞ்சோ என்பவரும் சகாக்களும் 1981-இல் வகுத்த பத்துக் கேள்விகளை மாமாவின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து மதிப்பெண் போட்டார். மொத்தம் ஏழு வந்தது. ஐந்து முதல் எட்டு வரை 'அநேகமாக இந்த மருந்தால்தான்' என்று அர்த்தம். ஒன்பது வந்தால்தான் 'நிச்சயம்'. பாக்கி இரண்டு மதிப்பெண் இருந்த கேள்வி, மருந்தை மறுபடியும் கொடுத்தபோது உபாதை திரும்பியதா என்பது. அப்படிச் செய்யக்கூடாது என்று அவருக்குத் தெரியாததல்ல. ஆயினும் ஆசை யாரை விட்டது?

"மாமா, ஒரே ஒரு வாரம் மட்டும் பழைய மாத்திரையை..." என்று இழுத்தார்.

"ஏண்டா, நான் இருமி நீ பாஸாகணுமா?" என்றார் மாமா.

சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "அந்தக் காகிதத்திலே என் கஷாயத்துக்கு எத்தனை மார்க்குடா போட்டிருக்கே?"