வெளியே விடாத வாசல்கள்

கூகுளுக்கு முந்தைய இணையத்தில் எதையாவது தேட வேண்டுமென்றால், யாரிடம் கேட்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். யாஹூ கட்சி, ஆல்டாவிஸ்டா கட்சி, லைக்காஸ் கட்சி என்று பிரவுசிங் சென்டரிலேயே கோஷ்டிகள் உண்டு. நான் ஆல்டாவிஸ்டா. பக்கத்து நாற்காலிக்காரர் என்னைக் கட்சி மாற்றப் பார்ப்பார். மணிக்கணக்குப் பார்த்துக் காசு வாங்கும் இடம் என்பதால் விவாதம் சுருக்கமாக முடிந்துவிடும்.

யாஹூவை யாராவது தேடுபொறி என்று சொன்னால் எங்கள் கட்சிக்குக் கோபம் வரும். அது எங்கே தேடியது? 1994இல் ஸ்டான்ஃபோர்டில் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும், ஆய்வேடு எழுத வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து தொகுத்த பட்டியல் அது. ஒவ்வொரு தளத்தையும் ஒரு மனிதர் திறந்து பார்த்து, இது எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று முடிவு செய்ய வேண்டும். அந்தத் தலைப்புகளுக்கெல்லாம் அதிகாரி, ஐந்தாவது ஊழியராகச் சேர்ந்த ஸ்ரீனிஜா ஸ்ரீனிவாசன். பதவியின் பெயர் 'ஆன்டலாஜிக்கல் யாஹூ'. இப்படி ஓர் உத்தியோகத்தைச் சம்பந்தி வீட்டாருக்கு எப்படி விளக்குவது என்று எனக்கு இன்னும் கவலை. பின்னாளில் வணிகத் தளங்களின் மனுவைப் பரிசீலிக்க மட்டுமே 299 டாலர் கேட்டார்கள். பட்டியலில் சேர்ப்பார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது. இந்த யோசனை நம் அலுவலகங்களில் எதற்கும் தோன்றாமல் போனது பெரிய அதிர்ஷ்டம்.

பட்டியலில் அகப்படாதவற்றைத் தேட யாஹூ வெளியாரை வாடகைக்கு வைத்துக்கொண்டது. 1996இல் ஆல்டாவிஸ்டா, 1998இல் இன்க்டோமி, 2000இல் கூகுள்.

ஆல்டாவிஸ்டா 1995 டிசம்பரில் வந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் தன்னுடைய ஆல்ஃபா கணினிகளின் பலத்தை ஊருக்குக் காட்டுவதற்காகச் செய்த வேடிக்கை, விற்க வந்த சரக்கைவிடப் பிரபலமாகிவிட்டது. ஆனால் அதே பெயரில் வேறொரு சின்ன கம்பெனி ஏற்கெனவே டாட்காம் முகவரியை வைத்திருந்தது. அதை மீட்க 1998இல், டிஜிட்டலை வாங்கியிருந்த காம்பாக் 33 லட்சம் டாலர் கொடுத்தது.

எங்கள் கட்சிக்காரர்களின் கர்வமெல்லாம் குறிகளில் இருந்தது. பிளஸ் போட்டால் அந்தச் சொல் கட்டாயம், மைனஸ் போட்டால் கூடவே கூடாது. 'நியர்' என்று ஒரு மந்திரம் உண்டு. 'ராமன் நியர் சீதை' என்று அடித்தால், இருவரும் பத்துச் சொல் தூரத்துக்குள் இருக்கும் பக்கங்கள் மட்டும் வரும். சுந்தர காண்டத்துக்கு உதவாது, மற்றபடி அருமையான வசதி.

ஒரே குறை, ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை இந்த எஞ்சின்கள் அப்படியே நம்பின. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தவன் பட்டியலில் முன்னால் வந்து நின்றான். கூகுள் அந்தப் பக்கத்தைக் கேட்கவில்லை, அதற்கு லிங்க் கொடுத்திருந்த மற்றப் பக்கங்களைக் கேட்டது.

லைக்காஸுக்குப் பெயர் கொடுத்தது ஓநாய்ச் சிலந்தி, விளம்பரத்தில் ஓடியதோ லாப்ரடார் நாய். ஆஸ்க் ஜீவ்ஸில் கோட்டுப் போட்ட பணியாளர் ஒருவர் நிற்பார். நாம் ஒன்று கேட்டால், "நீங்கள் கேட்க வந்தது இதுவா?" என்று அவர் நாலு கேள்வி கேட்பார். 2006இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 2009இல் பிரிட்டனுக்கு மட்டும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இப்படி ஆளுக்கொரு குணமாக இருந்தவர்கள், தொண்ணூறுகளின் கடைசியில் ஒரே மாதிரி ஆகிப்போனார்கள். போர்ட்டல் ஆசை. ரங்கநாதன் தெருவில் கைக்குட்டை வாங்கப் போனவனைப் பாத்திரம், பட்டு, பிரஷர் குக்கர் என்று எல்லா மாடியையும் சுற்றவைத்துவிட்டுத்தான் வெளியே விடுவார்களே, அந்த வியாபாரம். வானிலை, பங்குச் சந்தை, ராசிபலன், இலவச மெயில், அரட்டை அறை எல்லாவற்றுக்கும் நடுவில் தேடல் கட்டம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். டயல்-அப்பில் பக்கம் முழுசாக இறங்குவதற்குள் எதைத் தேட வந்தோம் என்பதே மறந்துவிடும். என் ராசிக்கு அந்த வாரம் பண வரவு என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

இந்த ஆசை எந்த அளவுக்கு முற்றியது என்பதற்கு ஸ்டீவன் லெவி தன் கூகுள் புத்தகத்தில் ஒரு கதை சொல்கிறார். லாரி பேஜின் தேடல் நிரலை எக்ஸைட் என்ற போர்ட்டலின் தலைவர் ஜார்ஜ் பெல்லிடம் ஓட்டிக் காட்டினார்களாம். விடை உடனே கிடைத்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. விடை கிடைத்தவன் கிளம்பிப் போய்விடுவான், விளம்பரத்தை யார் பார்ப்பது? மற்றவர்களின் தேடலில் எண்பது சதவீதம் அளவுக்கு நன்றாயிருந்தால் தனக்குப் போதும் என்றாராம். பெல் பிற்பாடு வேறு காரணம் சொன்னார். 1999இல் விலை ஏழரை லட்சம் டாலர் வரை இறங்கி வந்தும் எக்ஸைட் கூகுளை வாங்கவில்லை, 2001இல் திவாலானது. அதில் கருத்து வேறுபாடு இல்லை.

இந்தக் காய்ச்சல் நம் நாட்டுக்கும் வந்தது. செய்திக்குச் சமாச்சார், சமையலுக்குப் பவார்ச்சி, தேடலுக்குக் கோஜ் என்று தளங்கள் வைத்திருந்த ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டை, 1999 நவம்பரில் சத்யம் இன்ஃபோவே 499 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 500 என்று முழுசாகச் சொல்லியிருக்கலாம். 499 என்றால்தான் வாங்குபவருக்கு மனசு வரும் போலிருக்கிறது.

அதே 1999இல் எங்கள் ஆல்டாவிஸ்டாவும் போர்ட்டலாகிவிட்டது. அடுத்த வருடமே, தேட மட்டும் வருகிறவர்களுக்கென்று 'ரேஜிங்' என்ற பெயரில் தனியாக ஒரு தளம் திறந்தார்கள். அதே எஞ்சின், ஒரே கட்டம், வேறு சாமான் எதுவும் இல்லை. அதாவது நான்கு வருடம் முன்னால் தங்களிடம் இருந்த பக்கத்தையே புதுக் கண்டுபிடிப்பாக வெளியிட்டார்கள். கூட்டம் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டிருந்தது.

யாஹூ 2003இல் இன்க்டோமியை வாங்கியது. அதே வருடம் ஓவர்ச்சர் என்ற கம்பெனியை வாங்கியபோது, அதன் கையிலிருந்த ஆல்டாவிஸ்டாவும் கூடவே வந்து சேர்ந்தது. வாடகைக்கு வைத்திருந்த மூவரில் இருவர் சொந்தமாகிவிட்டார்கள். 2004 பிப்ரவரியில் மூன்றாமவரைப் போகச் சொன்னது. அவரும் மறுப்புச் சொல்லாமல் போனார்.