தொண்ணூத்தொம்பது கிலோவாட்

மருமவனே, நேத்து ராத்திரி நீ போன்ல சொன்னதைக் கேட்டதுல இருந்து எனக்கு நெஞ்சு நிமிந்து போச்சு. "புதுக் கட்டடத்துல மொத்த லோடு 100 கிலோவாட்டைத் தொட்டாத்தான் மாமா அந்தக் கரண்டு சிக்கன ரூலு. இஞ்சினியரு 99-ல நிறுத்தித் தாரேங்காரு"ன்னியே, நம்ம குடும்பத்து மூளை வீணாப் போவலடே.

டெல்லிக்காரன் பாடுபட்டு 2007-ல அந்த ரூலுக்கு ஒரு புஸ்தகம் போட்டான். ஈ.சி.பி.சி.ன்னு பேரு. 2017-ல உக்காந்து திருத்தியும் எழுதினான். ஆபீஸ், ஓட்டல், ஆஸ்பத்திரி எதுவானாலும் இணைப்பு லோடு 100 கிலோவாட், இல்லேன்னா டிமாண்டு 120 கே.வி.ஏ. இருந்தா அது உன்னைக் கட்டும். ஒரு கிலோவாட் குறைஞ்சா கட்டாது. வெயிலுக்கும் இந்தக் கணக்கு தெரியுமான்னு மட்டும் இஞ்சினியர்ட்ட ஒரு வார்த்தை கேட்டு வையி.

கணக்கை இறக்குறதுக்கு எங்கிட்டயும் யோசனை இருக்கு. பிளான்ல ஏ.சி.யைப் பாதியாக் காட்டு. பால் காய்ச்சின மறுவாரம் ரெண்டு ரெண்டா ஏத்திக்கோ. லிஃப்டுக்கு நேரா "பிற்காலத்தில்"னு எழுது. அதுவும் பத்தலைன்னா கட்டடத்துக்கு நடுவுல கோடு கிழிச்சு ரெண்டு சர்வீஸ் வாங்கு. ஒண்ணு உம் பேர்ல, ஒண்ணு எந்தங்கச்சி பேர்ல. ஆனா பில்லு வரும்போது மட்டும் அந்தக் கோடு அழிஞ்சு போவும், கேட்டியா. ரெண்டையும் நீதான் கட்டணும்.

வேற எதைக் குறைச்சாலும் கண்ணாடியைக் குறைச்சிராத. போன வைகாசியில உன் இப்பத்திய ஆபீசுக்கு வந்திருந்தேன்லா, அந்த அழகை நான் மறக்கல. மேற்குச் சுவரு தரையில இருந்து மேல வரைக்கும் கண்ணாடி. சாயங்காலம் மூணு மணிக்கு ஒரு பையன் எந்திரிச்சு வந்து திரையை இறக்கினான். திரை ஓரத்துல வெயிலு எட்டிப் பாத்துச்சு. உடனே டேபிளுக்கு அடியில இருந்து ஒரு தெர்மாக்கோல் அட்டையை உருவி, செல்லோ டேப்பு போட்டு ஒட்டினான். ரெம்ப நாளாப் பழகின கை. டேப்பு வெக்கையில இளகிப் போயி அட்டை பைய நழுவ, இன்னொரு துண்டு டேப்பு. வெளிச்சம் போச்சா, தலைக்கு மேல அத்தனை லைட்டையும் போட்டாங்க. லைட்டுச் சூடு ஒரு பக்கம், கண்ணாடிச் சூடு ஒரு பக்கம், ஏ.சி.யை 18-ல வச்சாச்சு. ஏ.சி.க்கு நேர் கீழ உக்காந்திருந்த பொண்ணு சால்வையைப் போத்திக்கிட்டு டைப் அடிச்சுது. லட்சக் கணக்குல கண்ணாடி வாங்கி, அதை மறைக்கத் தெர்மாக்கோல் வாங்கின கெட்டிக்காரன் எம் மருமவன்னு ஊர்ல வந்து சொன்னேன். யாரும் நம்பல.

அந்த 2017 புஸ்தகம் என்ன கேக்குதுன்னு உன் இஞ்சினியர் பையன் கிட்டயே விசாரிச்சேன். நேர் வழியில போறவனுக்குச் சுவத்துல நூத்துக்கு 40 பங்குக்கு மேல கண்ணாடி கூடாதாம். சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல, கண்ணாடி மேல விழுற வெயில் சூட்டுல நூத்துக்கு 27 பங்குக்கு மேல உள்ள வரப்படாதாம். வடக்குச் சுவத்துக்குச் சலுகை உண்டு, சூட்டுல 50 பங்கு வரைக்கும் வரலாம். ஆனா அது அட்சரேகை 15-க்கு வடக்க இருக்கிற ஊருக்குத்தான். சென்னை 13-ல கிடக்கு, அதனால கிடையாதுன்னான் பையன். "ஏன்னுதான் புரியல சார்"ன்னும் சொன்னான்.

எனக்குப் புரிஞ்சுது. உங்க ஊர்ல சித்திரை பத்துத் தேதிக்கு மேல உச்சிச் சூரியன் தலையைத் தாண்டி வடக்க போயிருவான். ஆவணி பொறக்குறப்பத்தான் திரும்ப வாரான். அந்த நாலு மாசமும் மத்தியானம் கம்பத்து நிழல் தெக்க விழும். நம்ம கோயில் கொடிமரத்தைப் பாத்து ஆடு மேய்க்கவனுக்கும் தெரிஞ்ச சங்கதி. வடக்குச் சுவரு குளுந்து கிடக்கும்னு நெனச்சு அந்தப் பக்கமும் கண்ணாடியை அடைச்சேன்னா, அதுக்கும் ஒரு பொட்டணம் தெர்மாக்கோல் வாங்கி வச்சுக்கோ.

கண்ணாடி மேல அம்புட்டு ஆசைன்னா அதுக்கும் வழி வச்சிருக்கான். கம்ப்யூட்டருக்குள்ள ஒழுங்கான கட்டடம் ஒண்ணு, உன் கட்டடம் ஒண்ணு, ரெண்டையும் வருசம் பூரா ஓட்டிப் பாக்கணும். உன்னோடது கூடக் கரண்டு குடிக்கலைன்னா சரி. ஒரு இடத்துல விட்டதை இன்னொரு இடத்துல பிடிச்சுக் காட்டணும். சீட்டுப் பிடிக்கறவனுக்குத் தெரியாத கணக்கா?

பழைய வீடு மாதிரி கட்டுன்னு சொல்லப் போறேன்னு பயந்திராத. எங்க அய்யா கட்டுன வீட்டுல பட்டப்பகல்ல விளக்கு ஏத்தணும். நிலையில இடிச்ச தழும்பு இன்னும் எம் நெத்தியில இருக்கு. அதுல உருப்படியா இருந்தது மாடிக்கு அடிச்ச வெள்ளைச் சுண்ணாம்பு ஒண்ணுதான். தட்டையான கூரை நூத்துக்கு 60 பங்கு வெயிலைத் திருப்பி அனுப்பணும்னு இந்தப் புஸ்தகத்துலயும் இருக்காம். நீ மாடியில கறுப்பு ஷீட்டு ஒட்டப் போறதாச் சொன்னே. நல்லது, மத்தியானம் அதுலயே அப்பளம் பொரிச்சுக்கலாம்.

ஏ.சி. பெட்டி 2020-ல இருந்து 24-லதான் தொறக்கும்படி வச்சிருக்கான். ஒரு டிகிரி கூட்டி வச்சா சுமாரா நூத்துக்கு 6 பங்கு கரண்டு மிச்சம்ங்கான். அதை மெனக்கெட்டு 18-க்கு இறக்குற விரலை எண்ணெய் போட்டு உருவி விடு, பாவம் தேஞ்சிரும்.

நியூயார்க்குல வேற கூத்து. 25,000 சதுர அடிக்கு மேல போன கட்டடத்து வாசல்ல கரண்டு சிக்கனத்துக்கு ஏ, பி, சின்னு ரேங்க் அட்டை தொங்க விடணும். 2019-ல போட்ட இன்னொரு சட்டப்படி, வரம்புக்கு மேல புகை கக்கினா டன்னுக்கு 268 டாலர் அபராதம். உன் கட்டடத்து வாசல்ல அப்படி அட்டை தொங்குச்சுன்னா சம்பந்தம் பேச வாரவன் முதல்ல அதைத்தான் வாசிப்பான்.

சரி, எம் பவுசையும் சொல்லுதேன். 2003-ல வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்புன்னு உத்தரவு வந்துதுலா? மாடியில இருந்து பைப்பை இறக்கி, தரைக்குள்ள ஒரு முழம் சொருகி, மேல ரெண்டு கூடை ஜல்லியைக் கொட்டினேன். குழியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆபீசர் வந்தாரு, பைப்பைப் பாத்தாரு, மோர் குடிச்சாரு, டிக் அடிச்சிட்டுப் போயிட்டாரு. ஊரே என் கெட்டிக்காரத்தனத்தைப் பேசுச்சு. ஐப்பசி மழையில மாடித் தண்ணி மொத்தமும் அஸ்திவாரத்துலயே இறங்கி, பூசையறைச் சுவரு இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிச்சு. மூணு தடவை பூசியாச்சு, நிக்க மாட்டேங்குது. மிச்சம் பிடிச்சது நாலு கூலியாளுக் காசு.

உங்க அத்தை இன்னைக்கு வரைக்கும் சுவரு பூசுன கொத்தனாரைத்தான் வைதுக்கிட்டு இருக்கா. நானும் கூடச் சேந்து ரெண்டு வார்த்தை வைவேன். நீ கட்டடம் 99-ல கட்டு, 199-ல கட்டு, உம் பாடு. இந்தப் பைப்பு சங்கதி மட்டும் அவ காதுக்குப் போவாண்டாம்.