வந்து போன வாதம்

கேள்வி: சில நிமிடங்களில் மறைந்துவிடும் சிறு பக்கவாதத்தை, அது போன பிறகு எம்.ஆர்.ஐ. எப்படிக் கண்டறிகிறது?

பதில்: திருடன் ஓடிய பின் தடயம் தேடும் வேலைதான் அது. தடைபட்ட இரத்தம் மீண்டும் பாய்ந்து, மரத்த கை இயங்கி, நோயாளி வீட்டுக்குக் கிளம்பிய பிறகும், மூளையின் அப்பகுதியில் ஓட்டம் சில வேளை மந்தமாகவே இருக்கும். 1992இல் அறிமுகமான 'தமனித் தற்சுழற்சிக் குறியீடு' என்னும் முறை, கழுத்தைக் கடக்கும் இரத்தநீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் காந்தத் திசையை ரேடியோ அலையால் தலைகீழாக்கி, சுமார் 2 விநாடி கழித்து மூளையைப் படமெடுத்து, குறியிடாத படத்தோடு ஒப்பிட்டுக் கழித்து, 100 கிராம் திசுவுக்கு நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் இரத்தம் சேர்கிறது என்று கணக்கிடுகிறது. இயல்பான சராசரி ஏறத்தாழ 50. ஊசி மருந்து தேவையில்லை. அசையாமல் படுத்திருப்பதே நோயாளியின் வேலை, பலருக்கு அதுவே பெரும்பாடு. இந்தத் தேடலைத் தள்ளிப்போடக் கூடாது; ஏனெனில் முழு வாதம் தாக்கும் அபாயம் அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிகுதி.