பாட்டாவுக்கு எதற்கு மூணு தலையணை?

கே: மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் ஒன்றுதானே? (குழித்துறை)

ப: மாரடைப்பு என்றால் அரைமணி நேரத்தில் ஊரே வீட்டு முற்றத்தில் கூடிவிடும். இதயச் செயலிழப்புக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். இதயம் நிற்பதில்லை, இறைக்கும் வலு வருடக்கணக்கில் குறைந்துகொண்டே போகிறது. முதல் அறிகுறிகளை ‘வயசாயிட்டுல்லா’ என்று வீட்டிலேயே தள்ளிவிடுவோம். மாரடைப்பில் தப்பியவரின் இதயத் தசையில் விழுந்த தழும்பு, பல வருடம் கழித்து இதில் கொண்டுவந்து விடுவதும் உண்டு.

கே: எங்க பாட்டா மூணு தலையணை வச்சாத்தான் தூங்குவார். சொகுசா? (தக்கலை)

ப: சொகுசு என்றால் நாற்பது வயதிலேயே கேட்டிருப்பார். படுத்ததும் காலில் தேங்கிய நீர் மார்புப் பக்கம் திரும்புகிறது. தளர்ந்த இதயத்தால் அதை முன்னே தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சு முட்டுகிறது. ஒரு தலையணை எப்போது மூன்றானது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

கே: எக்கோவில் ‘60 சதவீதம், நார்மல்’ என்றார்கள். அம்மைக்கு இளைப்பும் கால் வீக்கமும் போகவில்லை. எக்கோ பொய் சொல்லுமா? (பூதப்பாண்டி)

ப: பொய் இல்லை, பாதி உண்மை. அந்த எண், இதயம் சுருங்கும்போது உள்ளிருக்கும் ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பது. நிரம்பியது எவ்வளவு என்று அது சொல்லாது. வயதானவர்களுக்கு, அதிலும் பிரஷர், சர்க்கரை, உடல் பருமன் உள்ள பெண்களுக்கு, இதயச் சுவர் தடித்து விறைத்துப்போகும். சுருங்கும், சரியாக விரியாது. என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை இங்கே துப்புக் கொடுக்கும். இந்த வகை இதயச் செயலிழப்புக்கு மருந்து தேடி ஆய்வாளர்கள் பல வருடம் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். 2021இல் எம்பாகிளிஃப்ளோசின் கைகொடுத்தது. ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நிலை குறைந்தது. அது சர்க்கரை நோய்க்கென்று வந்த மாத்திரை!

கே: ஆராய்ச்சியெல்லாம் அமெரிக்காவில்தானா? (நாகர்கோவில்)

ப: பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் நடந்திருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் ஹரிகிருஷ்ணன் குழு, 2013இல் அந்த மாவட்டத்தின் 18 ஆஸ்பத்திரிகளில் இதயச் செயலிழப்போடு சேர்ந்த 1,205 பேரைப் பதிவேட்டில் ஏற்றி, ஐந்து வருடம் விடாமல் பின்தொடர்ந்தது. 1956 வரை நம் குமரிப் பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. பதிவேடு பிந்திவிட்டதால் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். பதிவேட்டில் இருந்தவர்களின் சராசரி வயது 61. அமெரிக்காவின் பெரிய பதிவேடு ஒன்றில் 72. அங்கே பேரனைப் பார்த்தபிறகு வருவது, இங்கே மகள் கல்யாணக் கடன் அடையும் முன்பே வந்துவிடுகிறது. ஐந்து வருடத்தில் 59 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். எனக்கு உறுத்துவது வேறொரு கணக்கு: இதயத்தின் சுருங்கும் வலு குறைந்திருந்தவர்களில் கால்வாசிப் பேர்தான் வழிகாட்டுதல்படியான முழு மருந்துச் சீட்டோடு வீடு திரும்பினார்கள்.

கே: மணவாளக்குறிச்சி மணலுக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டாமே? (குளச்சல்)

ப: சந்தேகம் உண்டு, தீர்ப்பு இல்லை. இதயத்தின் உள்சுவர் நாராகத் தடிக்கிற நோய் ஒன்று ஒருகாலத்தில் கேரளத்து ஏழைகளை, பெரும்பாலும் இளவயதிலேயே, பிடித்தது. உங்கள் பக்கத்து மோனசைட் மணலில் உள்ள சீரியமும் உடம்பில் மக்னீசியக் குறைவும் சேர்ந்து இதைச் செய்யலாம் என்றார் ஸ்ரீசித்திராவை வளர்த்தெடுத்த டாக்டர் வலியத்தான். மணல் கடற்கரையில் இன்னும் கிடக்கிறது, நோய் அருகிவிட்டது. சோறு நன்றாகக் கிடைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கே: கருவாட்டை விடணுமா? (ராஜாக்கமங்கலம்)

ப: இதய நோயாளி என்றால், ஆமாம். இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைவாக வருகிறது. உடம்பு வற்றிவிட்டதாக அது தப்புக்கணக்குப் போட்டு உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. நீங்கள் நெத்திலிக் கருவாடும் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்பி ஒத்தாசை செய்கிறீர்கள். காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர்.

கே: மாத்திரையில் நல்ல சுகம். நிறுத்திப் பார்க்கலாமா? (ஆரல்வாய்மொழி)

ப: பிரிட்டனில் பார்த்தார்கள். வீங்கிய இதயம் பழைய நிலைக்குத் திரும்பியவர்களிடம் மருந்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறே மாதத்தில் பத்தில் நாலு பேருக்கு நோய் திரும்பியது. அவர்களுக்குப் பக்கத்திலேயே டாக்டர்கள் இருந்தார்கள். உங்கள் பக்கத்தில் யார், பாட்டியா?